இறக்கி வைத்த எடை

முட்டியில் அடிபட்டவனுக்கு இடுப்பு உடைந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நான் தையற்காரன், அடிபட்ட தெய்வசிகாமணியின் வீட்டுக்கு நேர் எதிரே என் கடை. நானும் நம்பவில்லை. டாக்டர்கள் ஏதோ மாற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஐப்பசி. ஐந்து நாளாக அடைமழை. தெய்வசிகாமணி பதினெட்டு வருஷம் மில்லில் நூல் நூற்றவன்; மில் படுத்த பிறகு நோணாங்குப்பம் படகுத்துறையில் தினக்கூலியாகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு காலைத் துறைப் பலகையிலும் மறுகாலைப் படகிலும் ஊன்றிக்கொண்டு, வருகிறவர்களைக் கைபிடித்து ஏற்றி இறக்கிவிடுவது வேலை. படகு ஆடும், தண்ணீர் ஏறி இறங்கும், இவன் மட்டும் நட்டுவைத்த கம்பம்போல நிற்பான். அன்றைக்கு மழையில் கூட்டம் இல்லை என்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தான். அரியாங்குப்பம் தாண்டியதும் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, டெம்போ அதன் பின்னால் போய் மோதியது. பெரிய மோதல் இல்லை, கண்ணாடிகூட உடையவில்லை. இவனுடைய வலது முட்டி மட்டும் எதிரே இருந்த இரும்புத் தகட்டில் இடித்தது. முட்டியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் இறங்கப் பார்த்தவனால் காலை ஊன்ற முடியவில்லை. கால் குட்டையாகி உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று இரவே மயக்க மருந்து கொடுத்து, குழியை விட்டு வெளியே வந்திருந்த தொடை எலும்பின் தலையை இழுத்து உள்ளே தள்ளினார்கள். ஆனால் குழியின் பின்பக்கச் சுவர் உடைந்து போயிருந்தது. வீக்கம் வடிந்த பிறகு ஆபரேஷன், அதுவரை இழுத்துக் கட்டித்தான் வைக்க வேண்டும் என்றார்கள். முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பி வழியாக ஏழு கிலோ இரும்பைத் தொங்கவிட்டார்கள். எடையை யாரும் தொடக் கூடாது என்று நர்ஸ் நிர்மலா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

ராத்திரியும் காலையும் அவன் மனைவி ஆதிலட்சுமி இருப்பாள். என் கடைக்குப் பட்டன் வைத்து, காஜா எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். வேலையும் சுத்தம், வாயும் சுத்தம், மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். பகலில் அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சமைக்கும் நேரத்தில் அவனுடைய அண்ணன் ராமலிங்கம் பார்த்துக்கொள்வார். மதியச் சாப்பாட்டை என் டி.வி.எஸ். வண்டியில் நான் கொண்டு போவேன். எலும்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் தினமும் ஒரு தூக்கில் ஆட்டுக்கால் சூப், மிளகு தூக்கலாக. மழையில் அது ஆறாமல் இருக்க ஆதிலட்சுமி தன் பழைய சேலையைக் கிழித்துத் தூக்கைச் சுற்றித் தருவாள். நாலாவது நாள் தெய்வசிகாமணி, ஆட்டின் காலெல்லாம் என் வயிற்றுக்குள் நடக்கிறது, என் கால்தான் நடக்கக் காணோம் என்றான். வலியிலும் அவனுக்கு வாய் குறையவில்லை.

ராமலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவடிக்குப்பத்தில் இருந்தார். ஐம்பத்தேழு வயது, கட்டை பிரம்மச்சாரி. அதே மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டர். தம்பியை மில்லில் சேர்த்துவிட்டதும் அவர்தான். மனிதர்களோடு பேசத் தெரியாது. ஒரு மெஷினைக் கண்டால் போதும், பேச்சு அருவியாகக் கொட்டும். முதல் நாள் வார்டுக்குள் வந்ததும் தம்பியை விட்டுவிட்டுக் கப்பியைத்தான் பார்த்தார். கப்பியில் எண்ணெய் இல்லை என்று குறை வேறு சொன்னார்.

மூன்றாம் நாள் டாக்டர் செம்மல் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதுகூட இருக்காது, மெல்லப் பேசுவார். மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்துக் காட்டினார். வெளிப்பக்கத்தில் ஒரு கிண்ணம் குடைந்தாற்போல் குழி. அதில் தொடை எலும்பின் உருண்டைத் தலை கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்திருக்கும்போது முட்டியில் விழும் இடி, தொடை எலும்பு நெடுகப் போய் இந்தக் கிண்ணத்தின் பின்சுவரில்தான் இறங்கும் என்றார். உளியின் தலையில் அடித்தால் முனை வெட்டுகிற மாதிரிதான், முட்டி அடியை வாங்கியது, இடுப்பு உடைந்தது என்றார். மூன்று நாளாகத் தெரு முழுக்க நான் அளந்துகொண்டிருந்த அளப்பு ஒரு நிமிஷத்தில் அடங்கிப்போனது.

ராமலிங்கம் அந்தப் பொம்மையைக் கேட்டு வாங்கினார். உருண்டையைக் குழிக்குள் வைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சுற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சார், இது முழுசா ஒரே வார்ப்பா?”

“இல்லைங்க ஐயா. மூணு எலும்பு. சின்னப் பிள்ளையில மூணும் தனித்தனியா இருக்கும், இந்தக் கிண்ணத்துக்கு நடுவுலதான் வந்து சேரும். பதினாலு பதினஞ்சு வயசுல ஒண்ணா ஒட்டிக்கும்.”

“யாரு ஒட்டுறது?”

“தானாத்தான்.”

“எண்ணெ?”

“அதுவும் உள்ளயே ஊறும். எலும்பு மேல வழுவழுன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கு. ரெண்டும் உரசுறது பனிக்கட்டி மேல பனிக்கட்டி வழுக்குறதவிடக் கம்மி. நடக்கும்போது உங்க உடம்பு எடையப்போல ரெண்டு மூணு மடங்கு இதுமேல விழும். எழுபது எண்பது வருஷம் தாங்கும்.”

ராமலிங்கம் முப்பத்தைந்து வருஷம் பேரிங் மாற்றிய மனிதர். எந்த பேரிங்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்கியதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்தப் பொம்மையை மேசையில் வைக்கும்போது, கோயில் தட்டை வைப்பதுபோல் இரண்டு கையாலும் வைத்தார்.

உடைந்த துண்டுகளைச் சேர்க்கும்போது மேடு பள்ளம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதற்குமேல் போனால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், சில வருஷத்தில் அவன் கழி ஊன்ற வேண்டி வரும், படகு வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். ராமலிங்கம் உடனே கணக்குப் போட்டு, நாற்பது தவ் என்றார். தவ் என்பது ஃபிட்டர்கள் பேச்சு. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்று. ரத்தத்துக்குள்ளே, சதைக்கடியில், கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் நாற்பது தவ் பிடிப்பார்களா என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் கேட்டு என்ன பயன், நான் அரை அங்குலம் விட்டுத் தைக்கிறவன்.

ஐந்தாம் நாள் மதியம் நான் சாப்பாடு கொண்டு போனபோது தெய்வசிகாமணி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அடிபட்டதிலிருந்து அவன் அப்படித் தூங்கியதே இல்லை. வெளியே மழை விட்டிருந்தது. ராமலிங்கம் கால்மாட்டில் நின்று எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி போன இடத்தில் தோல் இழுபட்டுச் சிவந்திருந்தது.

“பாவம், தூங்கறப்பகூட இது இழுக்கணுமா?” என்றார். “மில்லுல மிசின் நின்னா மொதல்ல ரோலர் மேல உள்ள வெயிட்டத்தான் எடுப்போம். எடுக்காம உட்டா ரப்பரு அழுந்திப் பள்ளம் உழுந்துரும். ஓட்டுறப்ப ஏத்திக்கினா போதும்.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. தொடக் கூடாது என்று நர்ஸ் சொன்னது, ஆட்டக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எடையை இரண்டு கையாலும் பூப்போலத் தூக்கினார். கீழே வைக்க இடம் பார்த்தார். கட்டிலுக்கடியில் கிடந்த வாளியைக் கவிழ்த்து நகர்த்திக் கொடுத்தவன் நான்தான். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மில்லில் பழகிய பழக்கம். கயிறு தளர்ந்தது. தம்பியின் முகத்தில் ஒரு சுகம் தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷமாக இருந்தது, அதுதான் கொடுமை. வெற்றிலை போட்டுக்கொண்டு வரலாம் என்று வெளியே போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டோம்.

நான்கு மணிக்கு வார்டிலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தெய்வசிகாமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். கட்டு தளர்ந்த கால் தூக்கத்தில் மடங்கி, மற்றக் காலின் பக்கம் சாய்ந்திருக்கிறது. முதல் நாள் இருந்ததுபோலவே குட்டையாகி உள்ளே திரும்பிக் கிடந்தது. அப்போதுதான் ஆதிலட்சுமியும் குளித்து, தலைகூடக் காயாமல் உள்ளே வந்தாள்.

டாக்டர் செம்மல் ஓடிவந்தார். கயிற்றைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு காலடியில் குனிந்து, பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். தெய்வசிகாமணி பல்லைக் கடித்து முயன்றான். பாதம் தொங்கியது. பெருவிரலையாவது தூக்கச் சொன்னார். அதுவும் அசையவில்லை. விரல் இடுக்கில் பேனாவால் தொட்டார், அவனுக்குத் தெரியவில்லை.

எடையை எடுத்தது யார் என்று டாக்டர் கேட்டார். நிர்மலாவின் முகம் வெளுத்துவிட்டது. அன்று அவள்தான் பொறுப்பு. நான் தரையைப் பார்த்தேன்.

“எத்தனை மணிக்கு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றார் டாக்டர். “எலும்போட உருண்டைத் தலை வெளிய இருக்குற ஒவ்வொரு மணி நேரமும் அதுக்கு ரத்தம் கொறையும். பின்னாடி போற பெரிய நரம்பும் நசுங்கிக் கெடக்கு.”

ராமலிங்கம் முன்னால் வந்தார்.

“ஒன்னேகாலுக்கு நான்தான் எடுத்தேன் சார். வேற யாரும் கெடையாது. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அவன் தூங்குனான். மிசின் நின்னா வெயிட்ட எறக்கணும்னு எறக்கிட்டேன்.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவனுடைய தொடைமேல் கை வைத்துக் காட்டினார்.

“இது நிக்காதுங்க ஐயா. ஆள் தூங்கினாலும் தொடையில உள்ள தசையெல்லாம் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். உடைஞ்ச இடத்த விட்டு எலும்ப மேல இழுக்கும். அதுக்கு எதிர இழுக்கத்தான் ஏழு கிலோ. பொறந்ததுலேர்ந்து ஒரு நிமிஷம்கூட நிக்காத மிசின் இது.”

ராமலிங்கம் தம்பியின் தொடையையே பார்த்தபடி நின்றார். நிற்கவே நிற்காத ஒரு யந்திரத்தை அந்த வயதில்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல இருந்தது அவர் முகம். ஆதிலட்சுமி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயுள்ளவள் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. வாளியை மட்டும் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், அது சுவரில் போய் மோதியது.

அப்போதே மயக்க மருந்து கொடுத்து எலும்பை மறுபடி குழிக்குள் இறக்கினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். நாலரை மணி நேரம். வெளியே பெஞ்சில் ஒரு கோடியில் ஆதிலட்சுமி, மறு கோடியில் ராமலிங்கம், நடுவில் நான். கொண்டுபோன இட்லியை யாரும் தொடவில்லை. அவள் ஒரே ஒரு முறை, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அந்தக் காலு படுத்துச்சுன்னா படகுக்காரங்க ஒரு நாளுகூட வெச்சிக்க மாட்டாங்கண்ணே. அவரு வீட்ல குந்தியிருந்தா செத்துருவாரு. எனக்குத் தெரியும் அவர.”

என்னிடம் சொன்னாலும் அது யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும். ராமலிங்கம் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்தார். கையில் இன்னும் ஈரம் காயாத எக்ஸ்ரே படம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். பின்பக்கமாக அறுத்து உள்ளே போயிருக்கிறார்கள். சுண்டுவிரல் தடிமனில் அந்தப் பெரிய நரம்பு கண்ணுக்கு நேரே இருந்ததாம்; கன்றிப்போய், ஆனால் அறுபடாமல். முட்டியை மடக்கி வைத்து அதைத் தளர்த்தி, ஓர் ஆள் அதைக் காப்பதற்கென்றே நின்றிருக்கிறார். சுவர் மூன்று துண்டாகியிருந்தது. நாலாவதாக ஒரு துண்டு கிண்ணத்துக்குள்ளேயே அழுந்திப் புதைந்து கிடந்தது. அதை நெம்பி எடுத்து, உருண்டைத் தலையையே அச்சாக வைத்து அதன்மேல் பொருத்தி, பின்னால் ஏற்பட்ட பள்ளத்துக்கு அவன் தொடையிலிருந்தே கொஞ்சம் எலும்பைச் சுரண்டி அடைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு தகட்டை எலும்பின் வளைவுக்கு வளைத்து மேலே வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். சட்டையில் தோள்வளைவுக்குக் கை வைப்பதே எனக்குப் பத்து வருஷம் பழகின பிறகுதான் சுருக்கம் இல்லாமல் வந்தது. இவர்கள் இரும்பை எலும்புக்குத் தைத்திருக்கிறார்கள்.

ராமலிங்கம் ஸ்க்ரூக்களை எண்ணினார். ஏழு. ஏதாவது ஒன்று குழிக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று படத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். இல்லை.

“எத்தினி தவ் சார்?” என்றார்.

டாக்டருக்கு அந்தக் கணக்கு ஞாபகம் இருந்தது. “நாற்பதுக்குக் கீழ” என்றார். “எலும்பு என் வேலை, முடிச்சிட்டேன். நரம்பு என் கையில இல்ல. கன்றிப்போன நரம்பு மெல்ல மெல்லத்தான் தேறி வரும், மாசக்கணக்கு ஆகும். வரலாம், வராமலும் போகலாம். காத்திருக்கணும்.”

ராமலிங்கம் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். டாக்டரை இல்லை, படத்தை. பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். ஆதிலட்சுமி பார்த்தாள், அருகே போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் அப்படியே போயிற்று. கார்த்திகை போய், மார்கழி போய், பொங்கலும் வந்து போனது. தெய்வசிகாமணி வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தான். இடுப்பில் வலி இல்லை. குழி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஆனால் பாதம் தொங்கிக்கொண்டே இருந்தது, நடக்கும்போது தரையைத் தேய்க்கும். ஆடுகிற படகில் அந்தக் காலை வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கிண்டல் பேசுவதை விட்டுவிட்டான். அது எங்கள் எல்லோருக்கும் வலித்தது.

ராமலிங்கம் தினமும் காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் வருவார். ஆதிலட்சுமி அவருக்குத் தண்ணீர் கொடுப்பாள், டீ கொடுப்பாள், எதிரே வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்றிலிருந்து மாமா என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தம்பியைச் சாய்த்து உட்காரவைத்து, தானே மரத்தில் செய்த ஒரு சட்டத்துக்குள் குதிகாலை வைத்துப் பட்டையால் கட்டுவார். பெருவிரலின் நகத்துக்குச் சற்று மேலே ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். நகத்துக்கும் கட்டைக்கும் நடுவே இருபது தவ் இடைவெளி வைத்து, மில்லில் ரோலர் இடைவெளி பார்க்கும் மெல்லிய இரும்பு இலை ஒன்றை அதில் நுழைப்பார்; விரல் மயிரிழை உயர்ந்தாலும் இலை சிக்கிக்கொள்ளும். விரலைத் தூக்கச் சொல்வார். இலையை இழுப்பார். தடையில்லாமல் வரும். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். தொண்ணூறு நாள் இதைச் செய்தார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது; கடைக்கதவைத் திறக்கும் சாக்கில் திரும்பிக்கொள்வேன்.

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தைத்த சட்டைகளுக்குப் பட்டன் வைக்கக் கொடுப்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராமலிங்கம் இலையை நுழைத்து, தூக்கு என்றார். இழுத்தார். இலை வரவில்லை.

அவர் விரலை விடச் சொன்னார், இழுத்தார், வந்தது. தூக்கச் சொன்னார், இழுத்தார், வரவில்லை. நான் கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. விரல் செத்ததுபோலத்தான் கிடந்தது. ஆனால் இலையை ஏதோ ஒன்று பிடித்திருந்தது. இடுப்புக்குப் பின்னால் நசுங்கிப் போன ஒரு கயிற்றின் வழியாக, இத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் இவ்வளவு தூரம் நடந்து, அவன் சொன்ன சொல் விரலுக்கு வந்து சேர்ந்திருந்தது. தெய்வசிகாமணி சுவரைப் பார்த்துக்கொண்டு சாய்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் தெரியாது.

“மணி” என்றார் ராமலிங்கம் தம்பியிடம். “இலை புடிக்குதுடா.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஆதிலட்சுமி ஈரக் கையோடு வந்து நின்றாள். விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு வாட்டி அளந்து காமிங்க மாமா.”

ராமலிங்கம் இலையை எடுத்தார். முப்பத்தைந்து வருஷம் தவ் கணக்கில் பிடித்த கை அன்றைக்கு நடுங்கி, இலை இடுக்குக்குள் போகவே இல்லை. இரண்டு மூன்று தடவை முயன்றார். ஆதிலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை அவரிடமிருந்து வாங்கினாள். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மெல்ல நுழைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, “ம், தூக்குங்க” என்றாள்.